கூழைக்கடாக்களின் வரலாறு

அசாபுரா
12 பிப்ரவரி 1996

அன்புள்ள அஜோபா அக்காவுக்கு,

தம்பி எபோ எழுதுவது. நானும் என் மனைவி மான்சாவும் ஆண்டவன் தயவில் சுகமாயிருக்கிறோம். நீயும் வடக்கே தமாலேயின் வெயிலுக்கு ஈடுகொடுத்து நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவை அடக்கம் செய்த பிறகு நாம் எழுதிக்கொள்ளவில்லை. அதற்கு இரண்டு பக்கமும் காரணம் உண்டு. இப்போது அதைக் கிளற வேண்டாம்.

நம் அசாபுரா மைட்டி பெலிக்கன்ஸ் கால்பந்துக் கழகத்துக்கு வருகிற நவம்பரில் நாற்பது வயது. நான் செயலாளர் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். கழகத்தின் வரலாற்றை நூலாக எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கடல் அலைபோல் வீழ்ந்தும் எழுந்தும் வந்த நாற்பது ஆண்டுகள். அச்சுச் செலவு முழுவதையும் புரவலர் திரு. யான்னி ஏற்றுக்கொண்டார்.

1974ஆம் ஆண்டு அணியை அப்பா நிற்கவைத்து எடுத்த படம் அம்மாவின் பெட்டியில் இருந்தது. அதை நீ எடுத்துப்போனதாக மான்சா சொல்கிறாள். நூலின் நடுப்பக்கத்துக்கு அதுதான் வேண்டும். தபாலில் அனுப்பு, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
எபோ அக்வாண்டோ
செயலாளர், அசாபுரா மைட்டி பெலிக்கன்ஸ்


தமாலே
3 மார்ச் 1996

தம்பி எபோவுக்கு,

அக்காவின் ஆசி. நீயும் மான்சாவும் சுகம் என்று அறிந்தேன், நல்லது. நான் உயிரோடிருக்கிறேன். இந்த வீட்டில் இன்னொருவரும் உயிரோடிருக்கிறார். அவரை விசாரிக்க உன் பேனாவில் மை போதவில்லை போலிருக்கிறது. அக்காவுக்கு எழுதும் கடிதத்தில் பதவியைப் போட்டுக் கையெழுத்திட மட்டும் மை இருந்திருக்கிறது.

பெலிக்கன்ஸ் என்கிறாய். சொந்த பாஷையில் சொல், கூழைக்கடா. கொக்கோக் கிடங்கு எழுத்தர் ஒருவர் பள்ளிப் புத்தகத்தில் படத்தைப் பார்த்துவிட்டு வைத்த பெயர். அடுத்தவன் வலையில் கிடக்கும் மீனைத் திருடி, தொண்டைப் பையில் அடைத்துக்கொண்டு, எழுந்து பறக்கமுடியாமல் கிடக்கிற பறவை. நாற்பது வருடத்தில் அந்தக் கழகத்தில் பொருத்தமாக அமைந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

வரலாறு வேண்டுமா? நான் சொல்கிறேன், எழுதிக்கொள். மீன் புகைபோடும் அடுப்புகளுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு மைதானம். கடல் பொங்கும் நாட்களில் ஒரு மூலை தண்ணீருக்குள் போய்விடும். கார்னர் அடிப்பவன் முழங்கால் நனைய நின்று அடிப்பான். அப்பாவின் அலமாரியில் இருந்த கழகத்தின் ஒரே கேடயம், எதிரணியின் லாரி வழியில் கவிழ்ந்ததால் கிடைத்தது. 1968இல் ஒரு மந்திரவாதி, மைதானத்து வாசல் வழியாக உள்ளே போகாதீர்கள், வாசலில் எதையோ புதைத்திருக்கிறார்கள் என்றான். எல்லாரும் மதில் ஏறிக் குதித்தார்கள். கேப்டன் கணுக்கால் உடைந்தது. எதிரணி ஒரு மந்திரமும் செய்யாமல் ஐந்து கோல் போட்டது. 1982இல் பாதிப் பேர் பிழைப்புத் தேடி லாகோஸ் போய்விட, ஏழு பேரோடு ஆடினீர்கள். ஆட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று அம்மாவே எனக்கு எழுதினாள். வெளியூர் போவது மீன் வண்டியில். நீங்கள் இறங்கினதும் எதிரணி மூக்கைப் பொத்திக்கொள்ளும். அது ஒன்றுதான் உங்களுக்குச் சாதகம்.

புரவலரைப் பற்றி நான் என்ன சொல்ல? கடலோரத்தில் பிறந்து, அயல்நாட்டிலிருந்து வரும் ஐஸ் மீனைக் கடலோரத்துக்காரர்களுக்கே விற்றுக் கொழுத்தவன்.

படம் என்னிடம்தான் இருக்கிறது. 1974ஐப் பற்றி என்ன எழுதப்போகிறாய் என்று முதலில் காட்டு. பிறகு யோசிக்கிறேன்.

போன ஞாயிறு ஆட்டம் என்ன ஆயிற்று? எனக்கு அதில் ஒன்றும் இல்லை. எழுதும்போது அதையும் எழுது.

வீட்டு வேலை கூடிப்போய்விட்டது, இதோடு நிறுத்துகிறேன். சளி பிடிக்காமல் இரு.

அக்கா,
அஜோபா டாட்சன்


அசாபுரா
30 மார்ச் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் பேனாவின் வேகத்திலேயே தெரிந்துகொண்டேன்.

நீ கேட்ட ஞாயிறு 3-1 என்று தோற்றோம். அதற்கடுத்த ஞாயிறும் தோல்விதான். நடுவர்கள் சரியில்லை.

கேலி செய்வது உன் பழைய வழக்கம். ஆனால் நீ எழுதியதில் பெரும்பகுதி நூலில் வராது. வரலாறு என்பது ஊர் தலைநிமிர்ந்து வாசிக்க வேண்டியது. 1974க்கு எழுதியிருப்பதை அப்படியே நகல் எடுத்திருக்கிறேன்:

"அவ்வாண்டு மே மாதம். சமநிலை பெற்றாலே முதல் டிவிஷனுக்கு உயர்வோம் என்ற நிலையில், சுரங்க நகரத்து டிக்கர்ஸ் அணியைச் சந்தித்தோம். முற்பாதியில் நம் இன்றைய புரவலர் யான்னி அடித்த அற்புதமான கோலால் 1-1. இடைவேளையில் நடுவருக்குக் கால் பிசகிவிட, கொடி பிடித்துக்கொண்டிருந்த டாட்சன் என்பவர் விசிலைக் கையில் வாங்கினார். அவர் அசாபுராவின் மாப்பிள்ளை, நம் மீனைத் தின்றவர். ஊரே ஆர்ப்பரித்தது. ஆட்டம் முடியப்போகும் தறுவாயில், யான்னியின் மார்பில் பட்ட பந்தைக் கையில் பட்டதாகச் சொல்லி டிக்கர்ஸ் அணிக்குப் பெனால்டி கொடுத்தார். 2-1. விலைபோன ஒரு விசில் ஓர் ஊரின் கனவைக் கொன்றது. அதன்பின் நம் கழகம் முதல் டிவிஷன் வாசலை மிதிக்கவில்லை."

உன் மனம் நோகும் என்று தெரியும். ஆனால் ஊர் இப்படித்தான் நினைக்கிறது. நான் ஊருக்கு எழுதுகிறேன்.

படத்தை அனுப்பு. மான்சா உனக்கு வணக்கம் சொல்கிறாள்.

உன் தம்பி,
எபோ


தமாலே
14 ஏப்ரல் 1996

எபோவுக்கு,

நலமாக இரு. நலம் கெட்டால் கழகத்துக்கு யார் பொய் எழுதுவார்கள்?

டாட்சன் என்பவர். இருபத்தைந்து வருடமாக உனக்கு அக்காள் புருஷன். "என்பவர்" ஆகிவிட்டார்.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். அந்த ஆட்டத்துக்கு மறுநாள் காலை எங்கள் தகரக் கூரைமேல் கல் விழுந்தது. பிறகு தினமும் விழுந்தது. சந்தையில் ஒருத்தியும் எனக்கு மீன் கொடுக்கவில்லை. மருத்துவச்சியாக அந்த ஊரில் எத்தனை பிள்ளையை என் கையால் எடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் கூடையைத் துணியால் மூடிக்கொண்டார்கள். இவர் பள்ளியில் கணக்குப் போட கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து விசில் சத்தம். தலைமையாசிரியர் இவரைக் கூப்பிட்டு, "டாட்சன், நீங்களே மாற்றல் கேட்டுட்டா எல்லாருக்கும் நல்லது" என்றார். நாட்டில் எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். லாரியில் சாமான் ஏற்றிய அன்று நீ வரவில்லை. பயிற்சி இருந்தது என்று அம்மா சொன்னாள். எதற்குப் பயிற்சி என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

விலைபோனவராம். விலைபோனவர் வீட்டில் என்ன இருக்கும் என்று வந்து பார். இரண்டு நாற்காலி இருக்கிறது. ஒன்று ஆடும்.

அன்று நீதான் கோல்கீப்பர். கம்பங்களுக்கு நடுவே நின்றாய். யான்னி உனக்கு நேர் முன்னால் நின்றான். நீ என்ன பார்த்தாய் என்று இத்தனை வருடத்தில் நான் ஒரு முறையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நீ என்ன பார்த்தாய்?

இந்த வாரம் யாரிடம் தோற்றீர்கள் என்பதையும் எழுது. எத்தனை கோல், யார் போட்டது எல்லாம் எழுது.

அஜோபா


அசாபுரா
20 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். மழை தொடங்கிவிட்டது. மைதானத்தின் காயல் பக்கம் மறுபடி தண்ணீர். மான்சாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி குறையில்லை.

ஏப்ரலில் இரண்டு தோல்வி, ஒரு சமநிலை. சமநிலையான ஆட்டத்தில் ஒரு கோல், புதிதாக வந்திருக்கும் தையற்காரன் தலையால் முட்டிப் போட்டது. நல்ல பையன், அடுத்த பருவம் நிற்கமாட்டான்.

நீ கேட்டதற்குப் பதில்: கோல்கீப்பர் பந்தைத்தான் பார்ப்பான். பெனால்டிக்கு நான் வலப்பக்கம் பாய்ந்தேன், பந்து இடப்பக்கம் போயிற்று. நான் பார்த்தது அவ்வளவுதான்.

விழாக்குழு பந்தல் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. அன்று பிராந்திய சங்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். படத்துக்காக அச்சகத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

எபோ


தமாலே
9 ஜூன் 1996

அன்புள்ள மைத்துனர் எபோவுக்கு,

டாட்சன் வணக்கம் சொல்கிறேன். எழுதுவது என் கையல்ல, பக்கத்து வீட்டு அல்ஹசன் வாத்தியார். உன் அக்கா சந்தைக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் சொல்லும் வேகத்தில் அது சுருக்கமாகத்தான் இருக்கும் என்கிறார் அல்ஹசன்.

போன வருடக் கடைசியில், புழுதிக் காற்று அடிக்கும் காலத்தில், ஒரு நாள் காலை என் வலப்பக்கம் எழுந்திருக்க மறுத்துவிட்டது. பக்கவாதம். பேச்சும் குழறுகிறது. அஜோபா உனக்கு இதைச் சொல்லியிருக்கமாட்டாள். பரிதாபத்துக்காகப் புத்தகத்தில் மாற்றினார்கள் என்று ஆகிவிடக்கூடாதாம்.

உன் கடிதங்கள் வந்ததும் அவள் எனக்குப் படித்துக்காட்டுகிறாள். அவள் வாயால் கேட்டால் நீ மிகவும் மரியாதையான ஆள். ஒவ்வொரு கடிதத்திலும் என்னை "அத்தான்" என்கிறாய், என் ரத்த அழுத்தத்தை விசாரிக்கிறாய், அந்த நாளில் ஊர் செய்தது தப்பு என்கிறாய். நான் கணக்கு வாத்தியார். உன் கடிதம் ஒரு பக்கம். அவள் மூன்று பக்கத்துக்குப் படிக்கிறாள். தாள் வெளிச்சத்தில் தெரிகிறதப்பா. ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

அவள் கணக்குப்படி பெலிக்கன்ஸ் இந்தப் பருவத்தில் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. எனக்குப் பெலிக்கன்ஸைத் தெரியும். உண்மையான முடிவை எழுதிக்கொண்டே இரு. அவள் மாற்றிப் படிக்கட்டும். அவள் முகத்தைப் பார்த்து எத்தனை கோல் வித்தியாசம் என்று நானே கண்டுபிடித்துக்கொள்வேன். இப்போது எனக்கு இருக்கும் ஆட்டம் அது ஒன்றுதான்.

விசிலைப் பற்றி நீ எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள். கையைப் பார்த்தேன், ஊதினேன். ஆனால் ஒரு திருத்தம். முற்பாதியில் கோல் போட்டது யான்னி அல்ல, அஸ்மா. இடது காலால் அடித்தான், பந்து உள்கம்பத்தில் பட்டு உள்ளே போயிற்று. நான் அந்தப் பக்கக் கோட்டில் கொடியோடு நின்றிருந்தேன். அஸ்மா கடலோடு போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் மனைவி இருந்தால் அந்தப் பெயரைப் புத்தகத்தில் பார்க்கட்டும்.

இந்தக் கடிதம் வந்ததாக உன் அக்காவிடம் காட்டிக்கொள்ளாதே. மான்சாவுக்கு என் அன்பு.

ஜே. டாட்சன்


தமாலே
28 ஜூலை 1996

எபோவுக்கு,

அங்கே எல்லாரும் சுகம்தானே? இல்லையென்றால் யாராவது தந்தியாவது அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கூழைக்கடாக்கள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிட்டார்களா? அல்லது யான்னி அச்சுக்கூடத்தோடு சேர்த்து உன் பேனாவையும் வாங்கிவிட்டானா? நீ கேட்ட படத்தை நான் தரவில்லை, என் கேள்விக்கு நீ பதில் தரவில்லை. சரிக்குச் சரி என்று சும்மா இருந்துவிடலாம். ஆனால் ஞாயிறு முடிவுகளை எழுதுவதற்கு என்ன கேடு? உண்மையாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.

அக்கா


அசாபுரா
18 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

எபோவின் வணக்கம். அத்தானின் உடல்நலம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறாரா? கை கால்களைத் தினமும் நீட்டி மடக்க வேண்டும் என்று இங்கே மருந்தகத்து டிஸ்பென்சர் சொல்கிறார். பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பலமுறை எழுத உட்கார்ந்தேன்.

ஜூனில் மூன்று தோல்வி. ஜூலையில் ஒரு வெற்றி, உண்மையாகவே வெற்றி, 1-0. தையற்காரன் போட்டது. மீதி இரண்டும் தோல்வி. கடைசிக்கு மேல் ஓர் இடத்தில் இருக்கிறோம். கடைசியில் இருக்கும் அணி பருவத்தின் நடுவிலேயே கலைந்துவிட்டது.

1974 பகுதியைத் திருத்தலாம் என்று போன வாரம் குழுவில் சொன்னேன். கோல் போட்டது அஸ்மா என்பதையும் சொன்னேன். யான்னி சிரித்தார். "அஸ்மா செத்து எத்தனை வருஷம் ஆச்சு. செத்தவனுக்குக் கோல் எதுக்குய்யா?" என்றார். விலைபோன விசில் என்ற வரியையாவது எடுத்துவிடலாமே என்றேன். "ஏன்? மாப்பிள்ளைன்னு கூப்பிட்டு உக்கார வச்சு மீன் குழம்பு ஊத்தினோம். ஊதத் தெரிஞ்சவருக்கு நன்றி தெரியல. அதை எழுதினா என்ன?" என்றார். பொருளாளர் என் தோளைத் தட்டினார். "செயலாளரே, நாப்பது வருஷத்துல நமக்கு நடந்த ஒரே பெரிய விஷயம் அந்தப் பெனால்டிதான். அதையும் எடுத்துட்டா புத்தகத்துல என்ன மிச்சம்? மதில் ஏறிக் குதிச்சதா?" எல்லாரும் சிரித்தார்கள். அப்போது பயிற்சியாளர், அவர் வெளியூர்க்காரர், விவரம் தெரியாதவர், "இதுக்கு ஏன் சண்டை? கோல்கீப்பரே இங்க உக்காந்திருக்காரு. கையா, மார்பான்னு அவரைக் கேளுங்க" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் கென்கிச் சோள உருண்டையும் பொரித்த மீனும் வந்துவிட்டது. சாப்பிட்டோம். கூட்டம் முடிந்தது.

பகுதி இருந்தபடியே அச்சுக்குப் போகிறது. என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

அத்தானை நான் கேட்டதாகச் சொல்.

எபோ


தமாலே
15 செப்டம்பர் 1996

எபோவுக்கு,

உன் வீட்டார் நலத்துக்கு என் வேண்டுதல்.

கடிதத்தைப் பிரித்ததும் இது உன் எழுத்துதானா என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். அத்தானாம், உப்பாம், கை காலாம். நான் எழுதாத ஒன்று உனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அல்ஹசன் வாத்தியாரைக் கூப்பிட்டு ஓர் அதட்டல் போட்டேன், எல்லாம் வந்துவிட்டது. ஆண்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரகசியத்தைக்கூடக் கட்டிக் காக்க முடியவில்லை.

ஆக, இத்தனை நாள் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். இல்லாத கோலை எல்லாம் இருக்கிறதாக நான் படிக்க, "யார் பாஸ் கொடுத்தது?" என்று வேறு கேட்பார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எவனுக்கோ ஒரு பெயர் வைத்துப் பாஸ் கொடுக்கவைத்தேன். அந்த ஆளுக்கு உடம்பு பாதிதான் வேலை செய்கிறது, குசும்பு முழுக்க வேலை செய்கிறது.

இப்போது உன்னிடம் வருகிறேன். யான்னி சொன்னதை எழுதினாய். பொருளாளர் சொன்னதை எழுதினாய். பயிற்சியாளர் சொன்னதை எழுதினாய். கென்கி வந்ததை எழுதினாய், மீன் பொரித்த மீன் என்பதைக்கூட எழுதினாய். நீ சொன்னதை எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் வாயை மூடிக்கொண்டு நின்றாய், பயம் என்று நினைத்தேன். இப்போது உனக்கு நாற்பத்தொன்று. இப்போது என்னவென்று சொல்ல?

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்காக அல்ல. "கொடுத்துடு அஜோபா, பசங்க நல்லா வந்திருக்காங்க அதுல" என்று இவர் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பசங்களாம். கல் எறிந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தில் இருக்கிறார்கள்.

அஜோபா


அசாபுரா
26 நவம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

விழா சனிக்கிழமை நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அக்கா இதை மாற்றாமல் படிக்கலாம்.

பந்தல் நிறையக் கூட்டம். ஊர்த்தலைவர் மதுவைத் தரையில் ஊற்றி முன்னோரை அழைத்தார். பாண்டு வாத்தியம் வாசித்தது. புத்தகத்தை மேடையில் எல்லாருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு, மறுநாள் ஆராதனை முடிந்ததும் விற்பதாக ஏற்பாடு. பிரதிகள் எல்லாம் கட்டுக்கட்டாக என் வீட்டில் இருந்தன. யான்னி ஒரு சில மட்டும் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்க எடுத்துக்கொண்டார்.

பிறகு யான்னி ஒலிபெருக்கியைப் பிடித்தார். வழக்கம்போல 1974. அத்தான் மாதிரி விசிலை வாயில் வைத்து நடித்துக் காட்டினார். கூட்டம் சிரித்தது. அந்த உற்சாகத்தில் மார்பைத் தட்டிக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க மக்களே, பந்து என் கையில பட்டுச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்று கத்துவார்கள் என்று எதிர்பார்த்தார். மீன் புகைபோடும் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அஸ்மாவின் மனைவி பான்யின் எழுந்தாள். யாரோ அவளுக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டியிருக்கவேண்டும்.

"பட்டுச்சு யான்னி" என்றாள். "எங்க வீட்டுக்காரர் போட்ட கோலையும் நீ போட்டதா எழுதி வச்சிருக்க. உனக்கு அன்னிக்கும் கை நீளம், இன்னிக்கும் கை நீளம்."

பந்தலே அதிர்ந்து சிரித்தது. யான்னியும் சிரித்தார். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பட்டதுதானப்பா. கோலுக்குப் பின்னாடிதான நாங்க எல்லாம் நின்னோம்" என்றார். இன்னும் சிலர் ஆமாம் ஆமாம் என்றார்கள். முழங்கையா மணிக்கட்டா என்று அவர்களுக்குள் விவாதம்கூட வந்தது.

மான்சாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தக் கிழவரிடம், "அப்புறம் எதுக்கு அவங்க வீட்டுல கல்லெறிஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"தோத்துட்டோம்ல" என்றார் அவர். "வேற யார் மேல எறியறது?"

அதற்கும் சிரித்தார்கள். அக்கா, நானும் சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது வாய் தானாகப் போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், பாதியில் எழுந்துவிட்டேன். மான்சா தட்டை எடுத்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஆராதனைக்குப் போகவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மான்சாவும் அவள் தையல் கத்தரிக்கோலோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். வீட்டில் இருந்த எல்லாப் பிரதிகளிலும் 1974 இருக்கும் தாளை வெட்டி எடுத்துவிட்டோம். இப்போது கழகத்தின் வரலாறு 1973லிருந்து நேராக 1975க்குப் போகிறது. யான்னி வந்து கதவைத் தட்டிக் கத்தினார். வெட்டிய தாள்களை மான்சா அடுப்பில் வைத்துவிட்டாள், அவற்றின்மேல்தான் அன்றைய சோறு வெந்தது.

திங்கட்கிழமை என்னைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் இனி கீழே எப்போதும் என் பெயர் மட்டும்தான்.

எபோ


தமாலே
12 டிசம்பர் 1996

எபோவுக்கு,

நீயும் மான்சாவும் சுகம்தானே? மான்சாவுக்கு என் தனி அன்பு. அந்த வீட்டில் கேள்வி கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

உன் கடிதத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் படித்தேன். "தோத்துட்டோம்ல" என்ற இடத்தில் இவர் சிரித்த சிரிப்பில் இருமல் பிடித்துக்கொண்டது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடமாக நான் அவர்களை முட்டாள்கள் என்று நினைத்து மனதை ஆற்றிக்கொண்டேன். கண் தெரியாதவர்கள், யான்னி சொன்னதை நம்பிவிட்டார்கள், பாவம் என்று. இல்லையாமே. எல்லாருக்கும் நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே குனிந்து கல்லைப் பொறுக்கியிருக்கிறார்கள். நான் மனதில் கொடுத்திருந்த அந்தக் கொஞ்ச மரியாதைக்குக்கூட அந்த ஊருக்கு யோக்கியதை இல்லை.

பதவி போனதற்கு நான் வருத்தம் தெரிவிக்கவேண்டுமென்று நீ எதிர்பார்க்கமாட்டாய்.

தாளை வெட்டியதை நீ பெரிய காரியமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் படிக்கும்போது அப்படித்தான் நினைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். படித்து முடித்ததும் இவர், "அந்த ஆட்டமே புத்தகத்துல இல்லையா?" என்றார். இல்லை என்றேன். முகம் தொங்கிப்போயிற்று. "என் வாழ்க்கையிலேயே சரியா ஊதின விசில் அது, அஜோபா" என்றார். "மாமனார் ஊரு, எல்லாரும் பார்த்துட்டிருக்காங்க, ஆனாலும் ஊதினேன். அதைப் போய் வெட்டிட்டானே." குழறிக் குழறி அவர் அதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஊர் அவரைத் திருடன் என்றது. நீ அவர் அங்கே இல்லவே இல்லை என்று ஆக்கிவிட்டாய். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னால் முடிந்த நல்ல காரியமும் இப்படித்தான் முடிகிறது.

ஆகவே இதைச் செய். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பஸ் ஏறு. இரண்டு நாள் பயணம், உட்கார்ந்து வர உனக்கு உடம்பு இருக்கிறது. புகைபோட்ட மீன் கொண்டு வா. இவர் கேட்கிறார், நான் கேட்கவில்லை. ஊர்க்காரர் யாரையும், வணக்கம் மன்னிப்பு எதையும் கூட்டிக்கொண்டு வராதே. நீ மட்டும் வா, மான்சா வந்தால் இன்னும் நல்லது. வந்து இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார். கோல் யார் போட்டது, யார் எங்கே நின்றது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எல்லாம் இவர் சொல்வார். மெதுவாகத்தான் சொல்வார், காத்திருந்து எழுது. வெட்டின இடத்தில் ஒட்டுகிற அளவுக்கு ஒரு தாள்.

முதல் வரியை மட்டும் இவர் சொல்லமாட்டார். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவன் என்ன பார்த்தான் என்பது அந்த வரி. அதை எழுதாமல் என் வீட்டில் உனக்குச் சாப்பாடு கிடையாது.

அக்கா,
அஜோபா